வெள்ளம் வடிந்த பிறகு: சபைத் தொண்டர்களின் நீண்ட வேலை

2023 டிசம்பர் 18-ம் தேதி காலை எட்டரை மணிக்கு மழைமானிகளை அளந்தபோது, முந்தைய 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்திருந்தது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 66 சென்டிமீட்டர்தான். தாமிரபரணி கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் ஆற்று முகத்துவாரத்துப் புன்னக்காயலும் துண்டிக்கப்பட்டன. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நட்சத்திரம் தொங்கவிட்டிருந்த ஆலயங்களிலும் மண்டபங்களிலும் ஈரத்துணியோடு ஜனங்கள் வந்து ஒதுங்கினார்கள்.

மீட்பு, தங்குமிடம், முதல் நாட்களின் சாப்பாடு ஆகியவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் அதற்குப் பிந்தைய காலத்துக்கானது. தண்ணீர் வடிந்து, தொலைக்காட்சி வண்டிகள் கிளம்பிப்போய், அரிசிப் பை கொடுக்க வந்தவர்களும் திரும்பிய பின் ஊரில் மிஞ்சுகிற சேறு, கடன், காணாமல்போன பட்டா, மழை இருட்டினாலே அழுகிற பிள்ளை, இவையெல்லாம் இதில் வரும். முதல் வாரத்தில் உதவ யார் வேண்டுமானாலும் வருவார்கள், வரவும் வேண்டும். நான்காவது மாதத்தில் அந்த ஊரிலேயே இருக்கப்போவது உள்ளூர்ச் சபைதான். ஆகவே உங்கள் ஆட்களையும் காணிக்கையையும் எந்த மாதத்துக்கு என்று ஒதுக்குகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். என் பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: வந்த பணத்தில் பாதியைப் பொங்கல் கழியும்வரை தொடாதீர்கள்.

ஏற்கெனவே கையில் இருப்பவை

பேரிடர்ப் பணி என்றதும் பல சபைகள் தங்களிடம் ஒன்றுமில்லை என்று தயங்குகின்றன. தென்மாவட்டச் சபைகளில் அசனப் பண்டிகை நடத்தாத ஊர் குறைவு. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே இரவில் சோறு பொங்கி, குழம்பு வைத்து, பந்தியில் பரிமாறிப் பழகிய ஆட்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அண்டாவும் அடுப்பும் விறகு வாங்கும் இடமும் யாருக்குத் தெரியும், எத்தனை படி அரிசிக்கு எத்தனை பேர் என்ற கணக்கு யார் மனதில் இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். அந்தப் பெயர்களே உங்கள் சமையல் குழு.

அதைவிடப் பெரிய சொத்து குடும்பக் கணக்கு. கத்தோலிக்கப் பங்குகளில் ஒவ்வொரு அன்பியத்துக்கும் தன் தெருவில் யார் படுத்த படுக்கை, யார் கர்ப்பிணி, எந்த வீட்டு ஆண் கடலுக்குப் போயிருக்கிறார் என்று தெரியும். சி.எஸ்.ஐ. சபைகளில் சபை ஊழியருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கும் அதே அளவு தெரியும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களில் யார் யார் எந்தப் படகில் போனார்கள், யார் திரும்பவில்லை என்ற பட்டியலைப் பங்குகள்தான் வீடுவீடாகக் கேட்டுத் தொகுத்தன. காணாமல்போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் மறைமாவட்டக் கணக்கும் வேறுபட்டபோது, பெயரோடும் படகோடும் தயாராக இருந்த அந்தப் பட்டியலுக்கு இருந்த மதிப்பை எண்ணிப்பாருங்கள். உங்கள் பதிவேட்டைப் பூட்டிவைக்காமல் ஆண்டுதோறும் திருத்துங்கள்.

யார் வீட்டில் தொடங்குவது

இந்தப் பகுதியைக் குழுக்கூட்டத்தில் சத்தமாக வாசியுங்கள்.

சபைத் தொண்டர்களின் கால் இயல்பாகவே சபையார் வீட்டுப் பக்கம்தான் போகும். அங்கேயே நின்றுவிட்டால் நாம் செய்தது உறவுமுறைக் கடமை, பேரிடர்ப் பணி இல்லை. 1994-ல் செஞ்சிலுவை இயக்கமும் நிவாரண அமைப்புகளும் ஏற்றுக்கொண்ட நடத்தை நெறியில், உதவி தேவையை மட்டுமே பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும் என்றும், மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்ப அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. அந்த நெறியை முன்வைத்தவர்களில் உலகத் திருச்சபைகள் மாமன்றமும், லூத்தரன் உலகக் கூட்டமைப்பும், கரித்தாஸ் பன்னாட்டு அமைப்பும் உண்டு. வெளியார் யாரும் திருச்சபையின்மேல் சுமத்திய விதி இல்லை இது. திருச்சபையும் உட்கார்ந்து எழுதியது.

சாதியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் தலித் குடும்பங்கள் சில முகாம்களிலிருந்து ஒதுக்கப்பட்டதும், அவர்களுக்கு நிவாரணம் கடைசியாகப் போனதும் அப்போதே பதிவு செய்யப்பட்டவை. நம் சபைகளும் சாதியிலிருந்து விடுபட்டுவிடவில்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். எனவே வரைபடம் போடும்போது மெயின் ரோட்டிலிருந்து தொடங்காதீர்கள். ஊரின் தாழ்ந்த பக்கத்துக் காலனி, ஆற்றுப் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள், செங்கல் சூளையில் தங்கி வேலை செய்யும் வெளிமாவட்டக் குடும்பங்கள், மழைக்காலத்தில் எப்படியும் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்கள், தனியே வாழும் திருநங்கையர், குடும்ப அட்டையே இல்லாதவர்கள் ஆகியோரை முதலில் எழுதுங்கள். மெயின் ரோட்டு வீட்டுக்கு லாரி தானாகவே வந்து நிற்கும்.

பட்டியலை உங்கள் கையிலேயே வைத்திருக்காதீர்கள். பக்கத்தில் ஜமாஅத் இருந்தால் அவர்களோடும், கோயில் கமிட்டி இருந்தால் அவர்களோடும், ஊராட்சித் தலைவரோடும் உட்கார்ந்து சரிபாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரசுக்குள் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டபோது, பக்கத்து ஊர் மக்கள்தான் தங்கள் அரிசியைப் பொங்கிப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்வதற்கு நமக்குத் தயக்கம் எதற்கு? நாகையில் சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் அமைத்தன. எந்தக் கிராமத்தில் யார், என்ன செய்கிறார் என்பது ஒரே இடத்தில் தெரிந்தது. சேகர அளவில் ஒரு கரும்பலகை போதும், அதே பயன் கிடைக்கும்.

சேறு

இனிமேல் கைவேலை. வெள்ளம் புகுந்த வீட்டில் முழங்கால் வரை சேறு நிற்கும். அதை ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும். நாலு நாள் வெயில் பட்டுவிட்டால் இறுகிக் கடப்பாரை கேட்கும்.

வாசலில் நின்று வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அவர் முகாமில் இருந்தால் அவர் வரும்வரை காத்திருங்கள். திறந்து கிடக்கிறதே என்று நுழையக் கூடாது. மின்வாரிய ஊழியர் அந்தத் தெருவின் இணைப்பைப் பார்த்துவிட்டாரா, மெயின் சுவிட்ச் அணைத்திருக்கிறதா, சிலிண்டர் வாடை வருகிறதா என்று பாருங்கள். மண் சுவர் வீடானால் சுவரின் அடிப்பகுதி ஊறியிருக்கும். வெளியிலிருந்து பார்த்து விரிசல் தெரிந்தால் உள்ளே ஆள் அனுப்பாதீர்கள். பரண், விறகுக் குவியல், கவிழ்ந்து கிடக்கும் பாத்திரம் ஆகியவற்றில் வெறுங்கையை விடக் கூடாது. வெள்ளத்தில் அடித்துவரப்படும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் காய்ந்த மூலை தேடி அங்கேதான் சுருண்டிருக்கும். நீளக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் வேண்டாம். கடிபட்டவரை அசையாமல் படுக்கவைத்து 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் எல்லா அறைகளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு கட்டாயம் படத்தில் வர வேண்டும். கணக்கெடுக்க அதிகாரி வருவதற்குள் வீடு கழுவிச் சுத்தமாகிவிட்டால் அந்தக் கோடு ஒன்றே சாட்சி. படம் வீட்டுக்காரரின் கைப்பேசிக்குப் போகட்டும். உங்கள் முகநூல் பக்கத்துக்கு அது தேவையில்லை.

ஏழெட்டுப் பேர் கொண்ட குழு ஒரு வீட்டுக்குச் சரியாக இருக்கும். உள்ளே இருவர் மண்வெட்டியால் வாரிச் சட்டியில் போட, மற்றவர்கள் வரிசையாக நின்று கைமாற்ற, வெளியே ஒருவர் கொட்டும் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சேற்றை வாய்க்காலில் தள்ளாதீர்கள், அடுத்த மழைக்கு அதே தெருவுக்குள் தண்ணீர் திரும்பும். எங்கே குவித்தால் ஊராட்சி வண்டி எடுத்துப்போகும் என்று முன்பே பேசிவையுங்கள்.

குழுவில் ஒருவருக்கு மட்டும் மண்வெட்டி கிடையாது. நிதானமான, காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணை அதற்கு வையுங்கள். வாசலில் தார்ப்பாய் விரித்து, உள்ளிருந்து வரும் சாமான்களை வீட்டம்மாவின் முன் ஒவ்வொன்றாக வைத்து, “ஆச்சி, இது இருக்கட்டுமா, போட்டுரலாமா?” என்று கேட்பது அவர் வேலை. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். நமக்குத் துருப்பிடித்த தகரப் பெட்டியாகத் தெரிவதற்குள் கல்யாணச் சேலை இருக்கும், இறந்துபோன கணவரின் ஒரே படம் இருக்கும், மகனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கும். வேகமாக வேலை செய்யும் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் பெரிய காயத்தை உண்டாக்கிவிடுகிறார்கள். வெள்ளம் கொண்டுபோகாததை நாம் குப்பையில் போட்டுவிடக் கூடாது.

ஊறிய புகைப்படத்தை நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, தேய்க்காமல், நிழலில் கிளிப்பில் தொங்கவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பத்திரத் தாள்களை ஈரத்தோடு பிரிக்காதீர்கள், கிழிந்துவிடும். எழுத்தில்லாத வெள்ளைத் தாளை அடியிலும் மேலுமாக வைத்து மின்விசிறிக் காற்றில் பாதி காயவிட்ட பின் ஓரத்திலிருந்து மெதுவாகப் பிரியுங்கள். நேர் வெயில் மையை மங்கச் செய்துவிடும்.

சேறு போனபின் சுவரை மேலிருந்து கீழாகக் கழுவி, தரையை வாரியலால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடையுங்கள். அதோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பி மூச்சை அடைத்துவிடும். கதவு சன்னல்களைப் பல நாள் திறந்து போட்டு, சுவர் உள்வரை காய்ந்த பிறகே வெள்ளையடிக்கலாம். ஃபிரிட்ஜ், மோட்டார், மிக்ஸி எதற்கும் மெக்கானிக் பார்க்காமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம். மூழ்கிய பைக்கை உதைத்துப் பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள்.

தொண்டர்களின் உடம்பும் கவனத்துக்குரியது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெடித்த காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும். கம் பூட்ஸும் ரப்பர் கையுறையும் இல்லாதவரைச் சேற்றில் இறக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேளுங்கள். வேலை முடிந்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோ கெண்டைக்காலில் கடும் வலியோ வந்தால், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

சாப்பாட்டையும் தண்ணீரையும் நீங்களே கொண்டுபோங்கள். அந்த வீட்டில் எதுவும் கேட்காதீர்கள். அவர்களாகக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள். எல்லாவற்றையும் இழந்த ஒருவர் நமக்கு ஒன்று கொடுக்க முடிகிறதே என்று நிமிரும் நேரம் அது.

கிணறு

வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் முழுவதும் இறைத்து, அடியில் படிந்த வண்டலை எடுத்து, சுற்றுச்சுவர் உடைந்திருந்தால் அதையும் அடைத்த பிறகே மருந்து. கலங்கிய தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் இறைக்காமல் பவுடரைக் கொட்டுவது வீண். இறைக்க இறங்குபவர் தனியாக இறங்கக் கூடாது. மூடிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும்.

கணக்கு எளிதுதான். விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்தால் கன மீட்டர் வரும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது பொதுவான அளவு. இந்தக் கிணற்றுக்குச் சுமார் 24 கிராம் வரும். வெள்ளம் கெடுத்த கிணற்றுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் என்பதால் சுகாதார ஆய்வாளரை வைத்துச் சோதித்து அளவைத் தீர்மானியுங்கள். பழைய மூட்டையின் பவுடருக்கு வீரியம் குறைந்திருக்கும்.

பவுடரை நேரடியாகக் கிணற்றில் வீசாதீர்கள். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, வாளியை முக்கால் பங்கு நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அந்த வாளியைக் கயிற்றில் இறக்கித் தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டினால் சீராகக் கலக்கும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். அப்படியும் குடிக்கக் கொதிக்க வைத்துத்தான் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

தாள்கள்

அரிசிப் பை ஒரு வாரம் வரும். சரியான நேரத்தில் கொடுத்த மனு ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அதிகம் பாதித்த வட்டங்களின் குடும்பங்களுக்குத் தமிழக அரசு ரூ.6,000 அறிவித்தது. பேரிடர் நிதி விதிகளில் பயிர் குறைந்தது 33 சதவீதம் சேதமாகியிருந்தால் இடுபொருள் உதவி உண்டு. வயலில் 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்திருந்தால் அதை அகற்றவும் உதவி உண்டு. குளம் உடைந்து மணல் மேவிய வாழைத் தோட்டக்காரர்கள் பலருக்கு இந்த இரண்டாவது விதி தெரியாது. அளவுகோலை மணலில் ஊன்றிப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். ஆடு மாடு செத்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும். நாற்றம் தாங்காமல் முதலில் புதைத்துவிட்டுப் பின்னால் அலைகிறவர்கள் ஏராளம்.

சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வருவாய்த் துறையில் இருந்தவர்கள், வழக்கறிஞர்கள் இருப்பார்கள். வயதானதால் சேறு அள்ள முடியவில்லையே என்று வருந்தும் அவர்களுக்கு மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, பள்ளிச் சான்றிதழ் என்று எது தொலைந்ததென்று கேட்டு, மனு எழுதி, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி, ஒரு நோட்டில் வரிசை எண்ணோடு குறித்துவைக்க வேண்டும். அரசு சிறப்பு முகாம் நடத்தும் நாளில் வேன் பிடித்து முதியவர்களைக் கூட்டிப்போங்கள். யாருக்கு என்ன பதில் வந்தது என்று மாதம் ஒருமுறை அந்த நோட்டைத் திறந்து பார்க்கும் ஒருவர் இருந்தால்தான் இந்த மேசைக்குப் பயன்.

கொடுப்பதில் கவனம்

பழைய துணி வாங்காதீர்கள். சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் சாலையோரங்களில் அனுப்பப்பட்ட பழந்துணி மலைமலையாகக் குவிந்து கிடந்தது. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள் அதைத் தொடவில்லை. புது உள்ளாடை, நைட்டி, லுங்கி, பாய், மாதவிடாய் நாப்கின், வாளி, கொசுவலை ஆகியவற்றைக் கணக்கெடுத்துப் புதிதாக வாங்கிக் கொடுங்கள்.

அதே சுனாமிக்குப் பின் பல அமைப்புகள் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகளைக் கொடுத்தன. சில ஊர்களில் ஆட்களுக்கு மிஞ்சிய படகுகள் நின்றன, தரம் குறைந்தவையும் இருந்தன, வலை பின்னும் பெண்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் அந்த வேகத்தில் எதுவும் போகவில்லை. வாழ்வாதாரம் என்று இறங்கும்போது அவசரப்படாதீர்கள். கூடையில் மீன் விற்கும் அக்காவுக்கு முதலில் வேண்டியது எடைத் தராசும் கொஞ்சம் முதலும். தையல்காரருக்கு மெஷின் மோட்டார். சலவைத் தொழிலாளிக்கு இஸ்திரிப் பெட்டி. பனைத் தொழிலாளிக்கு சீசன் தொடங்குமுன் பானையும் கயிறும். ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டால் தொகை சிறியதாகத்தான் வரும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் பணம் அனுப்ப ஆசைப்படுவார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் சபைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். பதிவு இல்லாத சபை அதை வாங்க முடியாது. ஆசை மிகுதியில் ஊழியரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளைகள், பேச்சு, ஜெபம்

பெற்றோரைப் பிரிந்த பிள்ளை கண்ணில் பட்டால் உடனே 1098-ஐ அழையுங்கள். சிறார் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜர்படுத்த வேண்டும். சபைகள் நடத்தும் விடுதியில் இடம் இருக்கிறதே என்று நல்லெண்ணத்தோடு அழைத்துப்போவதும் சட்டப்படி குற்றமாகலாம், தேடி வரும் சித்தப்பாவுக்கு அந்தப் பிள்ளை கிடைக்காமலும் போகலாம். பிள்ளைகளோடு விளையாடவும் பாடம் சொல்லவும் போகிற தொண்டர்கள் எப்போதும் இருவராக, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். இந்த விதியில் சேகரத் தலைவருக்கும் பங்குத்தந்தைக்கும்கூட விலக்கு வேண்டாம்.

துக்கத்தில் இருப்பவரிடம் இது ஆண்டவருடைய சித்தம் என்றோ, சோதனை என்றோ, இதைவிட மோசமாகவும் நடந்திருக்கலாம் என்றோ சொல்லாதீர்கள். இந்த வார்த்தைகள் சொல்பவரைத்தான் ஆற்றுகின்றன. பக்கத்தில் உட்காருங்கள், அவர் சொல்வதைச் சொல்லவிடுங்கள், அடுத்து எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுங்கள். வாரக்கணக்கில் தூக்கமின்றி, சாப்பிடாமல், செத்துப்போகலாம் என்று பேசுபவர் இருந்தால் டெலி மனஸ் எண் 14416-ஐ நீங்களே கூட இருந்து அழைத்துக் கொடுங்கள்.

அந்த வீட்டார் ஜெபம் பண்ணச் சொல்லிக் கேட்டால் மனதார ஜெபியுங்கள். கேட்காத வீட்டில் ஜெபமும் கைப்பிரதியும் வேண்டாம். பொருட்களை ஆராதனைக்கு முன்போ பின்போ, ஆலயத்துக்குள் வைத்தோ விநியோகிக்காதீர்கள். பெறுகிறவர் உள்ளே வந்தாக வேண்டிய கட்டாயம் அதில் வந்துவிடுகிறது. நம் விசுவாசத்தை மறைக்கச் சொல்லவில்லை. பசித்தவனின் வாய்க்கு முன்னால் அதை நீட்டக் கூடாது என்கிறேன்.

பொங்கலுக்குப் பிறகு

டிசம்பர் வெள்ளத்துக்கு வந்த வண்டிகள் பெரும்பாலும் பொங்கலோடு நின்றுவிடும். வட்டிக்காரரும் மகளிர் குழுக் கடன் வசூலிப்பவரும் அப்போதுதான் வாசலுக்கு வருவார்கள். இங்கேதான் நீங்கள் தொடாமல் வைத்த பாதிப் பணம் பேச வேண்டும். பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கடனை மாற்றியமைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. விவசாயி தனியாகப் போய்க் கேட்டால் மேலாளர் அடுத்த வாரம் வரச் சொல்வார். ஒரு கிராமத்தின் முப்பது பேர் மனுக்களோடு, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனால் நிலைமை வேறு.

அமெரிக்காவில் 1950-ல் கான்சஸ் மாநிலத்து மென்னோனைட் இளைஞர்கள் தொடங்கிய பேரிடர் சேவை இன்றும் நடக்கிறது. புயல் அடித்த ஊரில் மற்றவர்கள் கிளம்பிய பின் தங்கி, தச்சரும் கொத்தனாருமாக வாரக்கணக்கில் மாறி மாறி வந்து, வீடு முடியும்வரை கட்டுவதே அவர்கள் வழக்கம். நம் சபைகளிலும் கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தசமபாகமாகக் கொடுக்க அவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு சனிக்கிழமைகளில் எத்தனை கூரை, எத்தனை கழிவறை, எத்தனை வயரிங் முடியும் என்பதை ஊரே பார்க்கும்.

கணக்கை மாதந்தோறும் எழுதி ஆலய அறிவிப்புப் பலகையிலும் ஊர் டீக்கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். யார் பெயரும் வேண்டாம், தொகையும் செலவும் போதும்.

அடுத்த மழைக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண்வெட்டி, சட்டி, கம் பூட்ஸ், கயிறு, தார்ப்பாய், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். டயாலிசிஸ் செய்பவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர், அந்த மூன்று மாதத்தில் பிரசவம் இருப்பவர் ஆகியோரின் பட்டியலைப் புதுப்பியுங்கள். இவர்களை மழை வலுப்பதற்கு முன்னரே மேட்டுப் பகுதிக்கு அனுப்ப வேண்டும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. படகு வைத்திருக்கும் மீனவ ஊர்களின் தலைவர் எண்களையும் அதே தாளில் எழுதி மண்டபக் கதவில் ஒட்டுங்கள். மண்டபச் சாவி மூன்று இருக்கட்டும். ஒன்று சபை ஊழியரிடம், ஒன்று பக்கத்துத் தெரு ஜமாஅத்திலோ கோயில் கமிட்டியிலோ, மூன்றாவது ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கதவைத் தட்டினால் எழுந்து வரக்கூடிய யாரிடமாவது.